‘ஒரே ஒன்று’ நோட்டில் பென்சிலால் எழுதிய வரி

பள்ளி நாட்களில் பொது அறிவுப் போட்டிகளுக்காக நான் தொடங்கிய நோட்டு ஒன்று இன்றும் என் மேசை மீது இருக்கிறது. அதன் அட்டையில் ‘ஒரே ஒன்று’ என்று எழுதியிருக்கிறேன். உலகிலோ நாட்டிலோ ஒன்றே ஒன்றாக இருப்பவற்றை மட்டுமே அதில் சேர்ப்பது வழக்கம். மிகப் பெரியது, மிக உயரமானது போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. அவற்றின் இடத்தை நாளையே வேறொன்று பிடித்துவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த என் மகள், ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, “ஏம்ப்பா ஒண்ணுதான் இருக்கு?” என்று கேட்டாள். பாதி வரிகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து, காரணம் தெரியாமல் எதையும் அதில் எழுதுவதில்லை.

நோட்டின் முதல் வரி நம் நீலகிரி மலை ரயில். இந்தியாவில் பற்சக்கரத்தின் துணையோடு மலையேறும் ரயில் அது ஒன்றுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டர் பாதையில், கல்லாறு தாண்டியதிலிருந்து குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடி தொலைவுக்கு ஓர் அடி என்ற கணக்கில் தண்டவாளம் உயர்கிறது. அந்தச் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்களைக் கொண்ட இரும்புப் பட்டைகள் இரண்டை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வருமாறு அவை அமைந்திருப்பதால், எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போதே இன்னொரு பல்லைப் பற்றிக்கொண்டிருக்கும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய இந்த ரயிலில், ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் முதல் பெட்டியில் அமர்ந்திருப்பவருக்கு முன்னால் மலையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியுடன் நிற்பார். முன்னால் நிற்பவர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தவர் காட்ட, செய்தி கடைசியில் எஞ்சின் ஓட்டுநரைச் சென்று சேர்வதை நான் ஜன்னலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். மலை கேட்டது, மனிதர்கள் செய்தார்கள். இது ஒன்றாக இருப்பதன் காரணம் அவ்வளவுதான்.

நேபாளத்தின் கொடியும் இவ்வகையைச் சேர்ந்ததே. உலக நாடுகளின் தேசியக் கொடிகளில் நாற்கரமாக இல்லாதது அது மட்டும்தான். ஒன்றன் மேல் ஒன்றாகத் தைத்த இரண்டு முக்கோணக் கொடிகளின் வடிவத்தை எப்படி வரைய வேண்டும் என்று, கோடு கோடாக, வடிவியல் பாடம் போலவே அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறது. மகளை ஸ்கேலும் பென்சிலுமாக உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை வரைந்து பார்த்தோம். நிலவின் பிறையில் எங்கள் இருவருடைய பொறுமையும் தீர்ந்துபோனது.

ஆனால் வேறொரு வகை இருக்கிறது. முதலில் பல இருந்து, பிறகு ஒன்றானவை. 1856இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய அஞ்சல் தலைகள் வந்து சேராததால், உள்ளூர் அச்சகத்திலேயே அவசரமாக அச்சடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு சென்ட் தலை செய்தித்தாள்களுக்கானது. செய்தித்தாளைப் படித்தவர்கள் அதன் உறையைத் தூக்கி எறிந்தார்கள். தலையும் கூடவே போயிற்று. 1873இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டிலிருந்த பழைய தாள்களுக்கு நடுவே ஒன்றைக் கண்டெடுத்து, ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். மூலைகள் வெட்டப்பட்ட, மங்கிய செந்நீலத் தாள் துண்டு அது. அதன் இணை இதுவரை கிடைக்கவில்லை. 2014இல் அது ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் காலணி வடிவமைப்பாளர். முந்தைய உரிமையாளர்கள் தத்தம் அடையாளங்களைப் பதித்திருந்த அதன் பின்புறத்தில், அவர் குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்றை வரைந்து வைத்தார். அத்தனை விலைக்கும் காரணம், மற்றவற்றை யாரும் பொருட்படுத்தாமல் விட்டதுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதைவிடவும் என்னை வாட்டுவது ஒரு மரம். தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டின் ஓரத்தில் 1895இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் அதைக் கண்டார். நம் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் சைகஸின் உறவு அது. தடித்த அடிமரமும் உச்சியில் விரிந்த ஓலைகளுமாகப் பார்வைக்குக் குட்டையான பனையைப் போலிருக்கும். என்செபலார்டோஸ் வுடியை என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரே தூரில் நான்கு தண்டுகளாக நின்ற அந்த ஒன்றைத் தவிர, காட்டில் அதன் இனத்தில் இன்னொரு மரத்தை எவரும் பார்த்ததில்லை.

பனையில் ஆண்பனை, பெண்பனை என்று தனித்தனி மரங்கள் இருப்பதை நாம் அறிவோம். இந்த இனமும் அப்படித்தான். கிடைத்ததோ ஆண் மரம். வாழைக்குப் பக்கக்கன்று எடுப்பது போல அதன் அடியிலிருந்து கன்றுகளைப் பெயர்த்து டர்பன் தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். அங்கிருந்து உலகின் பல பூங்காக்களுக்கு அவை போயின. காட்டில் எஞ்சியிருந்த கடைசித் தண்டையும் 1916இல் பாதுகாப்புக்காகப் பெயர்த்துப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டு சென்றார்கள். ஆக, இன்று எத்தனை ஊர்களில் அது நின்றாலும், அத்தனையும் பிரித்து நட்ட ஒரே மரம்தான். லண்டன் கியூ பூங்காவுக்கு 1899இல் போய்ச் சேர்ந்த கன்று, நூறாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து 2004இல்தான் அங்கே முதன்முதலாக மகரந்தம் தாங்கும் கூம்பு விட்டது. மகரந்தம் உதிர்ந்தது, அதை ஏற்க அதன் இனத்தில் ஒரு பெண் மரம் இல்லை. நெருங்கிய உறவினமான நடாலென்சிஸின் பெண் மரத்தோடு சேர்த்து, பிறந்த பெண் கன்றுகளை மறுபடியும் இந்த மரத்தோடே சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை அசலை நெருங்கிப் பார்க்கிறார்கள். நெருங்கலாமே தவிர, அசலை அடைய முடியாது.

அண்மையில் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ங்கோயே காட்டின் மேல் டிரோன்களைப் பறக்கவிட்டு, எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு சலித்து, ஒரு பெண் மரத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை பார்த்து முடித்தது காட்டின் சிறு பகுதிதான். அந்தச் செய்தியைப் படித்த இரவு, நோட்டில் மையால் எழுதியிருந்த அந்த வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, என் மகள் அதைப் பென்சிலால் மறுபடி எழுதினாள். பெண் மரம் கிடைத்துவிட்டால் அழிப்பது சுலபம் என்றாள்.