பட்டாளத்துப் பணம்: இரணியலில் ஒரு போர்க்கைதியைத் தேடி

நேற்று இரவுதான் நாகர்கோவிலிலிருந்து சென்னை திரும்பினேன். பையைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். 1941-இல் பட்டாளத்தோடு கப்பலேறிய என் பாட்டாவின், அதாவது தாத்தாவின், அண்ணன் என்ன ஆனார் என்ற கேள்விக்கு, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு பதில் இருந்தது. இப்போது முதன்முறையாக ஒரு தேதி கிடைத்திருக்கிறது. பேருந்து நேரம், தங்குமிடம், செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வரிசைக்கு நான் இப்போது உத்தரவாதம் தர முடியாது.

ரயில் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை; தூங்கிவிட்டேன். ஆனால் நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் ஏறிய திங்கள்நகர் பேருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொட்டும் மழையில் என் இருக்கைக்கு மேலே கூரை ஒழுகியது, ஜன்னல் தகடு பாதியில் சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது, நடத்துநரிடம் சொன்னபோது வேறு இருக்கையில் உட்காரச் சொன்னார். வேறு இருக்கையே இல்லை. என் மடியில் இருந்த உறையில் பாட்டாவின் அண்ணனுடைய படை எண் குறித்த தாள்கள் இருந்தன. நான் நனைந்தாலும் போகட்டும் என்று அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இரணியல் வரை குனிந்தபடியே வந்தேன்.

அந்தப் படை எண்தான் இந்தத் தேடலின் திறவுகோல். சில மாதங்களுக்கு முன் என் சித்தப்பா மகன் ஒரு பழைய மணியார்டர் கூப்பனைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அனுப்புநர் இடத்தில் பெயரும், சாப்பர் (ராணுவப் பொறியியல் பிரிவின் சிப்பாய்) என்ற பதவியும், ஓர் எண்ணும் மங்கலாக இருந்தன. அதை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். கட்டணம் 10 ரூபாய்தான். விரிவான பணி ஆவணம் காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்றும், நிரந்தரமாக வைக்கப்படும் நீள் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது என்றும் பதில் வந்தது. இதற்கு முன்பு ஒரு வெளிநாட்டு வம்சாவளி இணையதளத்துக்குச் சந்தா கட்டி 2,300 ரூபாயை இழந்திருந்தேன். இந்தியப் படையின் சாதாரணச் சிப்பாய்களின் ஆவணங்கள் லண்டனில் இல்லை, இங்கே அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பணம் இந்தப் பயணத்துக்கு உதவியிருக்கும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுவது இலவசம். இரண்டாம் உலகப் போருக்கென்று 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்கள் அதில் இருக்கிறார்கள். அப்படியும் பல வாரங்கள் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கன்னியாகுமரி என்று தேடினேன். அந்தப் பெயரில் மாவட்டம் உருவானதே 1956 நவம்பர் 1-இல்தான், அதற்கு முன் இது திருவிதாங்கூர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று தேடினேன். அங்கே அவர்கள் இந்தியப் பொறியாளர் படை என்ற தலைப்பின்கீழ் இருக்கிறார்கள். ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கூப்பனில் பார்த்து அப்படியே இட்டு, திருவிதாங்கூர் என்றும் சேர்த்தபோதுதான் அந்த வரி வந்தது. தகப்பனார் பெயர் சரி, மனைவி பெயர் சரி, ஊர் இரணியல். இறந்த நாள் 1943 ஜூன் 25. பெயர் பொறிக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் நினைவுச் சின்னம்.

கிராஞ்சியில் உள்ள அந்த நினைவுச் சின்னத்தின் சுவர்களில், கல்லறை எங்கே என்று தெரியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. சிறையில் இறந்தவர்கள், கைதிகளாகக் கப்பலில் கொண்டு செல்லப்படும்போது கடலில் மாண்டவர்கள் அவர்களில் அடக்கம். கைதி என்று அந்தப் பதிவில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்துவிட்டது. அங்கிருந்த ஒரு சாப்பர் பதினாறு மாதங்கள் கழித்து இறந்ததாகப் பதிவு சொன்னால், இடையில் அவர் எங்கே இருந்திருப்பார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தாளோடுதான் நனைந்த சட்டையுடன் சின்ன ஆச்சியின் வீட்டுப் படியேறினேன். பாட்டாவின் கடைசித் தங்கை, வயது 93. “வா மக்கா, மொதல்ல தலையத் துவட்டு, பேச்செல்லாம் பொறவு” என்று துண்டை நீட்டினார். பிறகு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) நெத்திலி அவியலும் வந்தன. கிழங்கு வெண்ணெய் போல உடைந்தது, அவியலில் மாங்காயும் தேங்காயும் சரியான பதத்தில் சேர்ந்திருந்தன. சென்னையில் 300 ரூபாய் கொடுத்தாலும் இந்தச் சாப்பாடு கிடைக்காது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஆச்சி, “பர்மா அரிசி நின்னுபோன வருசம் மூணு நேரமும் இதுதான், அண்ணனுக்க கடுதாசியும் அந்த வருசந்தான் நின்னுது” என்றார். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் மரச்சீனியைக் கொண்டு உயிர் பிழைத்ததைப் படித்திருக்கிறேன். கடிதம் நின்ற காலத்தை ஆச்சி தட்டில் இருந்த உணவைக் கொண்டு கணக்கு வைத்திருந்தார், அந்தக் கணக்கு பிசகவும் இல்லை.

பிறகு தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஆறு முனைகள் கொண்ட ஒரு வெண்கல நிற நட்சத்திரம், நடுவில் கிரீடமும் ஆறாம் ஜார்ஜின் எழுத்துகளும், சுற்றிலும் பசிபிக் நட்சத்திரம் என்ற ஆங்கில எழுத்துகளும். நாடா எப்போதோ உளுத்துப் போயிருந்தது. ஒரு முனை மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. குழந்தைகள் பல் முளைக்கும்போது கடிக்கக் கொடுத்தார்களாம், அவர்களில் என் அப்பாவும் ஒருவர். பர்மாவில் மட்டும் போரிட்டவர்களுக்கு வேறு நட்சத்திரம். இது மலேயா, ஹாங்காங் போன்ற களங்களுக்கு உரியது. என்னிடம் இருந்த தாளோடு அது பொருந்தியது.

அதன் அடியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை விரித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1946-ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதிய உத்தரவு. காலஞ்சென்ற சாப்பரின் விதவை என்று அதில் தட்டச்சில் இருக்கிறது. ஆனால் அவருடைய மனைவியான என் பெரிய ஆச்சி சாகும்வரை தாலியைக் கழற்றியதில்லை. அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பதற்கு முன்பே சின்ன ஆச்சி சொன்னார். இங்கிலீசில் வந்த கடிதத்தை ஊர் வாத்தியார்தான் வாசித்தார். திண்ணையில் காத்து நின்ற மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆளைக் காணவில்லையாம், தேடுகிறார்களாம், அதுவரை சம்பளம் வரும் என்று மட்டும் சொன்னார். அதன்பின் மாதாமாதம் பெருவிரல் உருட்டி வாங்கிய தொகையைப் பட்டாளத்துப் பணம் என்றே பெரிய ஆச்சி சொல்லிவந்தார். கணவனின் சம்பளம் என்று நம்பி அதில் ஒரு பங்கை அவர் திரும்பி வரும் நாளுக்கென்று தனியே எடுத்தும் வைத்தார். உண்மை சின்ன ஆச்சிக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மாமா ஒருவர் வந்து சண்டை பிடித்தார். அண்ணன் நேதாஜி படையில் சேர்ந்து வீரமரணம் அடைந்தவர் என்பது அவர் வாதம். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படையினர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் மோகன்சிங் அமைத்த முதல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், சேர மறுத்த ஆயிரக்கணக்கானோர் நியூ கினி போன்ற தீவுகளுக்குக் கூலிவேலைக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலையில். எங்கள் ஆள் இறந்தது அதற்கு முந்தைய மாதம். 1929-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்துக்கு ஜப்பான் ஒப்புதல் அளிக்காததால் கைதிகளின் பட்டியல்கள் ஒழுங்காக வெளியே வரவும் இல்லை. சேர்ந்தாலும் மறுத்தாலும் அவருக்குக் குறைவில்லை என்பது என் கருத்து. ஆனால் தேதி ஒத்துவராத கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. மாமா காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனேன். தக்கலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார், காத்திருந்ததற்கு மேலும் 200 ரூபாய் வாங்கினார். இது பகல் கொள்ளை. மொத்தப் பயணத்துக்கும் நான் ஒதுக்கியது 4,000 ரூபாய் என்பதால் அன்று இரவு வெறும் மட்டிப்பழத்தோடு படுத்தேன். இருந்தாலும் போகாமல் இருந்திருக்க முடியாது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுக் கைதியான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய், பிறகு அதே மன்னருக்குப் படைத்தலைவராகி 1777-இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். கூரை போன தேவாலயத்தின் உள்ளே அவருடைய கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். கடல் கடந்து வந்து எங்கள் மண்ணில் கைதியானவருக்கு எங்கள் மொழியில் கல் இருக்கிறது. வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கிளம்பும் அன்று காலை சின்ன ஆச்சி அந்தத் தேதியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். இங்கிலீஷ் மாதம் அவருக்கு வேண்டாம். கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1118 ஆனி என்று நான் சொன்னதும் விரல் மடக்கி எண்ணினார். பக்கத்து வீட்டு ஜோதிடர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, அது தேய்பிறை என்றார். இத்தனை காலமும் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரி முக்கடலில் இறந்துபோன எல்லோருக்கும் பொதுவாகப் பலித் தர்ப்பணம் செய்தபோது அண்ணன் பெயரைச் சொல்லாமல் விட்டுவந்தார்களாம், மதினிக்காக. “மதினி போயி வருசம் இத்தற ஆச்சே, இனி சொல்லலாம் மக்கா” என்றார். அடுத்த ஆனிக்கு மூன்று பேருக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். முன்பதிவு திறந்ததும் போட வேண்டும்.