நாய்க்குப் பேப்பர் எழுதத் தெரிந்த டாக்டர்

ஜெர்மனியை விட்டு சென்னைக்கே வந்துவிடுவது என்று முடிவானபோது, வீட்டுச் சாமான்களைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் நாய் ப்ரூனோவின் பேப்பர்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. வெளிநாட்டிலிருந்து நாயைச் செல்லப்பிராணியாக இந்தியாவுக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் கிடைக்கிற சலுகை அல்ல. இரண்டு வருஷமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்ந்து திரும்புகிறவர்களுக்கு உண்டு. எங்களுக்கு அந்தத் தகுதி இருந்தது. இல்லாதது, இந்தியா கேட்கிறபடி எழுதிக் கொடுக்கிற டாக்டர்.

நாங்கள் இருந்தது டார்ம்ஷ்டாட்டில். வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா மிக நல்லவர். ப்ரூனோவுக்குக் காதில் புண் வந்தபோதெல்லாம் அவர்தான் பார்த்தார். ஊருக்குப் போகிற விஷயத்தைச் சொன்னதும் ஊசி விவரமெல்லாம் எழுதுகிற, செல்லப்பிராணிகளுக்கான நீல நிற ஐரோப்பிய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரேபிஸ் ஊசி இன்னும் செல்லும், தாராளமாகப் போகலாம்" என்றார். அங்கேதான் சிக்கல். அங்கே போடுகிற ரேபிஸ் ஊசி பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குச் செல்லும். இந்தியாவோ, கிளம்புகிற தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்கிறது. டிஸ்டெம்பர், பார்வோ, லெப்டோ, ஹெபடைடிஸ் ஊசிகளையும் கேட்கிறது. "பழைய ஊசியே வேலை செய்யும்போது மறுபடி எதற்கு?" என்று அவர் கேட்டார். மருத்துவக் கணக்கில் அவர் சொன்னது சரிதான். ஆனால் மீனம்பாக்கத்தில் பார்க்கப்போவது பேப்பரை. அவர் நாய்களை இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் அனுப்பிப் பழகியவர். ஐரோப்பாவைத் தாண்டி எழுதியதில்லை.

சரி, வேறு ஆளைத் தேடலாம் என்று போனை எடுத்தேன். பாதி க்ளினிக்குகளில் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்றார்கள். மற்றவர்களிடம் "பயணப் பேப்பர் செய்வீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓ, செய்வோமே" என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது அந்த நீலப் புத்தகம் மட்டும்தான். கொஞ்சம் அனுபவப்பட்ட பிறகு கேள்வியை மாற்றினேன்: "ஐரோப்பாவுக்கு வெளியே போகிற நாய்க்கு, அரசு டாக்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?" உடனே பதில் வராவிட்டால் அடுத்த நம்பருக்குப் போய்விடுவேன். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே கால்நடை மருத்துவர்களுக்கென்று சட்டப்படி கட்டண அட்டவணை உண்டு. 2022 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். அதன் அடிப்படைத் தொகைக்குக் கீழே யாரும் வாங்க முடியாது என்பதால், விலை விசாரித்து அலைவதில் பெரிய பலன் இல்லை.

அரசு டாக்டர் என்றேன் அல்லவா? ஊசி போடுவது, நாயின் தோலுக்கடியில் இருக்கிற அடையாளச் சிப்பைப் பார்ப்பது, பாஸ்போர்ட்டில் எழுதுவது எல்லாம் தனியார் டாக்டரின் வேலை. இந்தியா கேட்கிற உடல்நலச் சான்றிதழில் முத்திரை குத்துகிறவர் மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் அதிகாரி. ஜெர்மன் மொழியில் அந்த அலுவலகத்துக்கு 'ஃபெட்டெரினேர்ஆம்ட்' என்று பெயர். அங்கே போன் செய்து, எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டேன். தனியாரைச் சிபாரிசு செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை என்றார் அந்த அம்மாள். ஆனால் தான் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன பார்ப்பேன் என்பதைப் பொறுமையாகச் சொன்னார். தன் கண்ணால் சரிபார்க்க முடியாத ஒரு வரிக்குக்கூடக் கையெழுத்துப் போடமாட்டார்களாம். குடற்புழு மருந்து கொடுத்தோம் என்று சான்றிதழில் இருந்தால், என்ன மருந்து, எந்தத் தேதி என்று க்ளினிக்கின் முத்திரையோடு தனித்தாள் வேண்டும். இந்தத் தேடலில் எனக்கு அதிகம் உதவிய போன் அதுதான். டாக்டரைத் தேடுவதற்கு முன்பே அங்கே பேசியிருக்கலாம் என்று புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன்.

டாக்டர் கிடைத்தது நாய்கள் விளையாடுகிற புல்வெளியில். அங்கே வருகிற துருக்கிப் பெரியவர் ஒருவர் கோடை லீவுக்குத் தன் நாயையும் இஸ்மிருக்குக் கூட்டிப் போவார். ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பா நம்புகிற நாடுகளின் பட்டியலில் துருக்கியும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஆகவே இரண்டு ஊர் நாய்களுக்கும் ஒரே தலைவலி. அவர் சொன்ன க்ளினிக் பக்கத்து ஊரில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. இந்தியாவுக்குப் போகிற நாயை அவர்கள் பார்த்ததில்லை. ஆனால் துருக்கி போய் வருகிற நாய்களை நிறையப் பார்த்திருந்தார்கள். நம் ஆட்கள் இல்லாத ஊரில் இருந்தால், இப்படி நம் நிலைமையில் இருக்கிற வேறு நாட்டுக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அந்த டாக்டர் முதலில் கேட்டது, "திரும்பி வருவீர்களா?" என்று. இல்லை என்றேன். "அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்" என்று சிரித்தபடி ரத்தம் எடுக்கிற குழாயைத் தயார் செய்தார். விஷயம் இதுதான். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நாய் வர வேண்டுமானால், ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருப்பதாக அங்கீகரித்த லேப் சொல்ல வேண்டும். இந்தியாவில் ரத்தம் எடுத்தால், அதன் பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ஐரோப்பாவிலேயே எடுத்து பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை. ஊசியைத் தவறாமல் தொடர்ந்தால் டெஸ்ட்டை மறுபடி எடுக்கவும் வேண்டாம். இந்தியா இதைக் கேட்கவில்லை, அதனால் முந்தைய டாக்டர்கள் யாரும் பேச்சையே எடுக்கவில்லை.

முதலில் ரத்தம், அப்புறம்தான் புது ஊசி. அதற்கும் முன்னால் சிப். ப்ரூனோ காப்பகத்திலிருந்து வந்தவன், பிறந்தது ருமேனியாவில். சிப் நம்பர் 642 என்று ஆரம்பிக்கும். ஸ்கேனரை இடது கழுத்தில் வைத்து டாக்டர் பதினைந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, உதவியாளர் பாஸ்போர்ட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு அதே நம்பரை ரத்தக் குழாயின் லேபிளிலும் எழுதினார்கள். ரத்தம் கீஸன் பல்கலைக்கழக லேபுக்குப் போனது. ப்ரூனோவின் கவனம் முழுக்கக் கீழே பேக்கரியிலிருந்து வந்த வாசனையில் இருந்தது.

மீதி வேலை மளமளவென்று முடிந்தது. ஏ.க்யூ.சி.எஸ். என்கிற மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்கிற சான்று, வாங்க வேண்டும். சென்னைக்கு அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. பயணத்தை ஒட்டி அரசு டாக்டரிடம் போனோம். க்ளினிக் கொடுத்த தனித்தாள்களை அவர் சான்றிதழோடு வரி வரியாக ஒப்பிட்டார், நாயைத் தடவிப் பார்த்தார், முத்திரை குத்தினார். சென்னையில் இறங்கியதும் அதிகாரி மறுபடி ஸ்கேனரை வைத்து நம்பரைப் பார்த்தார். ஊசித் தேதியில் ஒரு நிமிஷம் நின்றார், பன்னிரண்டு மாதக் கணக்குச் சரியாக இருந்தது, விட்டுவிட்டார்.

லேப் முடிவு இப்போது பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. இங்கே கால்நடை மருத்துவர் ஒருவர் ஊசியை அந்த நீலப் புத்தகத்திலேயே எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று தனிப் புத்தகம் வாங்கிக்கொண்டோம். ஐரோப்பிய பாஸ்போர்ட்டில் எழுத ஐரோப்பாவில் அனுமதி பெற்ற டாக்டர்களுக்கு மட்டுமே உரிமை.