கோபத்தையும் நோட்டில் எழுதினோம்

எங்கள் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வைத்தியம் பாலக்காட்டில். கேரள அரசின் ‘மிட்டாயி’ திட்டத்தில் இன்சுலின் கிடைத்தது. ஊசி போடவும் பழகிக்கொண்டோம். ஒன்பது வயதில் ஆரம்பித்த கோபத்துக்குத்தான் வழி தெரியவில்லை. சோற்றுத் தட்டை வீசுவாள், ஊசி நேரத்தில் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாள், கல்யாண வீட்டு லட்டைப் பாவாடையில் முடிந்து வருவாள். “செல்லம் குடுத்துக் கெடுத்துப்போட்டே” என்றார் மாமியார். பள்ளிக்கூடத்திலும் அடங்காத பிள்ளை என்று பேர்.

டாக்டர் ஒன்று சொன்னார்: “திட்டறதுக்கு முன்னாடி விரல்ல குத்திப் பாருங்க.” ரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் வருவது அது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு ரொம்ப ஏறினாலும் சிடுசிடுப்பு வரும்.

சரி என்று சுகர் நோட்டில், எண்ணுக்குப் பக்கத்திலேயே அவள் என்ன செய்தாள் என்பதையும் எழுதினேன். சில சண்டைகள் 60-ல் இருந்தன. ஆனால் பெரிய சண்டைகள் பல 120, 130 என்று நல்ல அளவில் வந்தவை! தோழி பிறந்தநாள், கோயில் நோன்பி, உறவுக்காரர் யாராவது “ஐயோ பாவம்” என்று சொன்ன நாள். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் உதவாது.

மனதில் இருப்பதைத் தமிழில்தான் அவளால் சொல்ல முடியும் என்பதால் கோயம்புத்தூரில் ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போனோம். இன்சுலின் ஒரு மாநிலம், பேச்சு ஒரு மாநிலம். இரண்டு இடத்துக்கும் அந்த ஒரே நோட்டு போனது. ஆலோசகர் நோயைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கவே இல்லை. ஒரு பொம்மையையும் ஊசியில்லாத சிரிஞ்சையும் கொடுத்தார். பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டே, “நீ லட்டு தின்னதாலதான் இப்படி ஆச்சு” என்று அதைத் திட்டினாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, இத்தனை நாளும் அவள் தன்னையே குற்றவாளியாக நினைத்திருக்கிறாள். டைப் 1 இனிப்புத் தின்று வருவதில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருகிறது. இதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் வீட்டில் சில பழக்கங்கள் மாறின. அளவை நல்லது, கெட்டது என்று சொல்வதில்லை. கூடுதல், குறைவு, அவ்வளவுதான். பள்ளிவிட்டு வந்ததும் முதல் கேள்வி சுகராக இருக்கக் கூடாது. ஊசி தொடையிலா வயிற்றிலா என்பது அவள் முடிவு. டாக்டரிடம் கேட்டு, விசேஷ நாளில் லட்டுக்கும் சேர்த்து இன்சுலின் கணக்குப் போடுகிறோம். ஒளித்து வைப்பது அதோடு நின்றது. கோபம் இன்னும் வருகிறது, அடிக்கடி இல்லை.

வகுப்பு டீச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம்: பையில் குளுக்கோஸ் இருக்கும், கேட்டால் உடனே தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் விட வேண்டும், சண்டை போட்டால் முதலில் அளவு பார்க்க வேண்டும்.

ஆலோசகரிடம் உடனே போக முடியாத பெற்றோர் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.