காரோட பின்பக்கம் தூக்கும்போதுதான் எனக்கு பயம்

நாங்க இருக்கிறது சிங்கப்பூர்ல எச்டிபி, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, அங்க கார்பார்க்ல ஜாக் போட்டு வேலை பார்க்க விடமாட்டாங்க, அதனால என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு எது செய்யணும்னாலும் சிராங்கூன் கார்டன்ஸ்ல மாமா வீட்டு போர்ச்சுக்குத்தான் ஓட்டிட்டு போவேன். 2003 மாடல், சின்ன கார்தான், ஆனா 1,000 கிலோவுக்கு மேல எடை, நெஞ்சு மேல இறங்குனா முடிஞ்சது.

மாமா ஷிப்யார்டுல பல வருஷம் இருந்தவரு. "தூக்குற சாமான் வேற, தாங்குற சாமான் வேற"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. ஜாக் தூக்கத்தான், உள்ள எண்ணெயை அடைச்சு வச்சிருக்கிற சீல் எப்ப ஒழுகும்னு யாருக்கும் தெரியாது, காரைத் தாங்குற இரும்பு ஸ்டாண்ட் வைக்காம காலைக்கூட உள்ள நீட்டாதீங்க.

முன்பக்கம் பெரிய கஷ்டம் இல்ல. கார் தாழ்வா இருக்கிறதால சாதாரண ஜாக் நுழையாது, முன் டயரை ரெண்டு பலகை மேல ஏத்திட்டு அப்புறம் நடுவுல இருக்கிற கிராஸ்மெம்பர்ங்கிற குறுக்குச் சட்டத்துல ஜாக்கை கொடுப்பேன். ஹேண்ட்பிரேக்கும் கியரும் பின் சக்கரத்தை பிடிச்சிருக்கும்.

பின்பக்கம் அப்படி இல்ல. பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற டிஃபரென்ஷியல் பெட்டிக்கு அடியில ஜாக் போட்டு தூக்கினதும் ஹேண்ட்பிரேக் பிடிக்கிற சக்கரமே அந்தரத்துல நிக்குது, தரையில இருக்கிற முன் சக்கரத்தை பிடிக்க ஒண்ணுமே கிடையாது, இதுல பின் பிரேக் பேட் மாத்தணும்னா ஹேண்ட்பிரேக்கையே இறக்கி விட்டுட்டு பேடை அழுத்துற காலிப்பர் பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவை 4 மில்லி ஆலன் கீயால திருப்பணும். மழைத்தண்ணி ஓடுறதுக்காக மாமா வீட்டு போர்ச் ரோட்டுப் பக்கம் லேசா சரிஞ்சிருக்கு வேற. அதனால ரெண்டு முன் சக்கரத்துக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை, நாலு கட்டையும் வச்ச பிறகுதான் ஜாக் கைப்பிடியை தொடுவேன்.

ஜாக்கோட தலை நேரா மேல போறதில்ல, வளைஞ்சு போகும். கார் கட்டையில நிக்குதுன்னா ஜாக்தான் உருண்டு வந்து ஈடு கட்டணும். போன ஜூன்ல டைல்ஸ் இடுக்குல ஒரு கல்லு, ஜாக் சக்கரம் அதுல மாட்டி உருளாம நின்னுடுச்சு, நான் கவனிக்காம பம்ப் பண்ணிட்டே இருக்க தலை வழுக்கி கார் தொப்னு டயர்ல உக்காந்துச்சு. அப்ப யாரும் அடியில இல்ல. பக்கத்துல குந்தியிருந்தது அக்கா மகன், பதினாலு வயசு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இப்ப முதல்ல தரையை கூட்டுவேன். ஸ்டாண்டை கதவுக்கு அடியில நீளமா ஓடுற பக்கவாட்டு விளிம்புல மடிப்பு கெட்டியா இருக்கிற இடத்துல, ரப்பர் கட்டையோட வைப்பேன், கீழே தடிமனான பிளைவுட், ஏன்னா அடியில பொள்ளலா இருக்கிற டைல்ஸ் உடையும். கழட்டின சக்கரம் சும்மா ஓரமா போகாது, அந்த விளிம்புக்கு அடியில படுக்கும். அப்புறம் காரை ரெண்டு கையாலும் நல்லா ஆட்டிப் பார்ப்பேன், அசைஞ்சா இறக்கிட்டு திரும்ப ஆரம்பம், மத்தியானம் இடி இடிக்குதேன்னு அவசரப்பட மாட்டேன். தனியா இருந்தா அடியில போறதே இல்ல, வீட்டுல யாராவது சத்தம் கேக்கிற தூரத்துல இருக்கணும், அவங்க கையில போன் இருக்கணும், 995 அடிக்க.

இறக்கின பிறகு சக்கர நட்டை அளவா இறுக்க டார்க் ரெஞ்சு, மேனுவல்ல 88ல இருந்து 118 நியூட்டன் மீட்டர், நான் 100 வைக்கிறேன். அக்கா மகன்தான் எண்ணிக்கிட்டு நிப்பான், இப்பல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு.