கேவிட்டேஷன் அரிப்புச் சோதனை: கருவி மாறினால் தரவரிசை மாறுமா?

நீர்மின் டர்பைன்களின் பழுதுநீக்கத்துக்காக விற்கப்படும் பூச்சுகளின் விவரத்தாள்களில், துருப்பிடிக்கா எஃகைவிட இத்தனை மடங்கு கேவிட்டேஷன் எதிர்ப்பு (நீரில் பிறந்து நொறுங்கும் குமிழ்களின் தாக்குதலைத் தாங்கும் திறன்) உண்டு என்ற ஒரு வரி பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். அந்த மடங்கு எந்தக் கருவியில், எவ்வளவு நேரச் சோதனையில் கிடைத்தது என்பதைப் பல நேரங்களில் காண முடியாது. பொருட்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த விவரம் இல்லாத எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று நான் கருதுகிறேன். கேவிட்டேஷன் எதிர்ப்பு என்பது அடர்த்தியைப் போலவோ உருகுநிலையைப் போலவோ பொருளுக்குள் தனியாக இருக்கும் ஒரு பண்பு அன்று. எந்தக் குமிழ், எவ்வளவு வலுவாக, எத்தனை முறை தாக்குகிறது என்பதைப் பொறுத்தே பொருள் தாங்குவதும் தாங்காததும் அமைகிறது.

ஓடும் நீரில் ஓரிடத்தில் அழுத்தம் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் அங்கே நீராவிக் குமிழ்கள் பிறக்கின்றன. அவை அழுத்தம் கூடிய பகுதிக்கு அடித்துச் செல்லப்பட்டதும் நொடிப்பொழுதில் உள்நோக்கி நொறுங்குகின்றன. இந்த நொறுங்கலில் எவ்வளவு அழுத்தம் எழும் என்பதை, கப்பல் உந்துவிசிறிகளின் சேதத்தையொட்டி எழுந்த கேள்விக்கு விடையாக, ரேலி பிரபு 1917இல் கணக்கிட்டுக் காட்டினார். சுவருக்கு அருகில் நொறுங்கும் குமிழ் கோள வடிவத்தை இழந்து, அதன் ஒரு பக்கத்து நீர் நுண்தாரையாகக் குமிழைத் துளைத்துச் சுவரைத் தாக்குகிறது. அதோடு அதிர்ச்சி அலைகளும் சேர்ந்துகொள்கின்றன. களத்தில் இந்தச் சேதம் ஆண்டுக்கணக்கில் நடப்பதால், அதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கிக் காட்டுவதே ஆய்வகக் கருவிகளின் வேலை. எப்படிச் சுருக்குகிறோம் என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன.

மிக அதிகமாகப் பயன்படுவது அதிர்வுக் கருவி. பொருட்சோதனை நெறிமுறைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் ஜி32 என்ற நெறிமுறை 1972 முதல் இதை வரையறுத்து வருகிறது. சுமார் 16 மிமீ விட்டமுள்ள மாதிரியை, டைட்டானியக் கலவையால் ஆன கொம்பு (அதிர்வைக் கடத்தும் தண்டு) ஒன்றின் நுனியில் திருகி, 25 டிகிரி செல்சியஸ் காய்ச்சி வடித்த நீரில் ஏறத்தாழ 12 மிமீ ஆழத்தில் அமிழ்த்தி, 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், உச்சிக்கும் அடிக்கும் இடையே 50 மைக்ரான் வீச்சில் அதிர வைக்கிறார்கள். இந்த எண்கள் சாதுவாகத் தோன்றினாலும், கணக்குப் போட்டால் மாதிரியின் முகம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 40,000 மடங்கு முடுக்கத்துக்கு உட்படுவது தெரியும். முகம் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் நீர் பிய்ந்து குமிழ்க்கூட்டம் உண்டாகிறது. முன்னேறும்போது அது நொறுங்குகிறது. ஒரு மணி நேரத்தில் இந்தச் சுழற்சி 7.2 கோடி முறை நடக்கிறது. கருவி மேசைமேல் அடங்கும், விலை பொறுக்கத்தக்கது, மாதிரி சிறியது, எந்த ஆய்வகத்திலும் திரும்பச் செய்து பார்க்கலாம். உலகம் முழுவதும் இந்த முறை பரவியதற்கு இவை போதுமான காரணங்கள்.

முடிவை எடையிழப்பாகச் சொல்லும் பழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அலுமினியத்தையும் கோபால்ட் கலவையையும் மில்லிகிராமில் ஒப்பிட்டால், மூன்று மடங்கு அடர்த்தி வேறுபாடு முடிவைத் திரித்துவிடும். எடையிழப்பை அடர்த்தியாலும் பரப்பாலும் வகுத்துச் சராசரி அரிப்பு ஆழமாக மாற்றுவதே முறை. எஃகில் 8 மில்லிகிராம் போனால், இந்த மாதிரியின் அளவுக்கு அது ஏறத்தாழ 5 மைக்ரான் ஆழம். அதை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு கிடைக்காது. முதலில் எடை அநேகமாகக் குறையாமல், மேற்பரப்பு குழிந்து இறுகும் அடைகாப்புக் கட்டம். அடுத்து வேகமெடுத்து உச்ச வீதத்தை எட்டும் கட்டம். பின்னர், ஆழமாகக் குழிந்த பரப்பில் தேங்கும் நீரும் வாயுவும் தாக்குதலைத் தணிப்பதால் வீதம் குறையும் கட்டம். ஒருவர் அடைகாப்பு நேரத்தையும், இன்னொருவர் உச்ச வீதத்தையும், மூன்றாமவர் 10 மணி நேர முடிவில் போன மொத்த எடையையும் எதிர்ப்பு என்று அறிவித்தால், ஒரே கருவியிலேயே மூன்று தரவரிசைகள் பிறந்துவிடும். கருவிகளைக் குறைசொல்லும் முன் இந்தக் குழப்பத்தைக் களைய வேண்டும்.

இனி அதிர்வுக் கருவியின் உண்மையான குறைக்கு வரலாம். அதன் குமிழ்கள் சிறியவை, ஏறக்குறைய ஒரே அளவானவை. கடிகாரம் தவறாமல் 50 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை தாக்குபவை. டர்பைனிலோ பம்பிலோ குமிழ்க்கூட்டங்கள் பல அளவுகளில் வந்து, ஒழுங்கற்ற இடைவெளிகளில் நொறுங்குகின்றன. அவற்றுள் அரிதாக வரும் பெரிய தாக்குதல்களே சேதத்தின் பெரும்பங்கைச் செய்யக்கூடும். உலோகத்துக்கு இந்த வேறுபாடு ஓரளவே உறைக்கும். ரப்பர், பாலியூரிதேன் போன்ற நெகிழும் பூச்சுகளின் கதை வேறு: ஒரு தாக்குதலிலிருந்து மீண்டெழுவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் உட்புறம் வெப்பம் சேர்ந்து, பூச்சு மென்மையாகித் தோற்றுப்போகலாம். அது கேவிட்டேஷனால் வந்த தோல்வியா, 20 கிலோஹெர்ட்ஸால் வந்த தோல்வியா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கொம்பில் திருக முடியாத பொருட்களுக்கு நிலை மாதிரி முறை இருக்கிறது. மாதிரியை அசையாமல் வைத்து, அதிரும் நுனியை அதற்கு மேலே, பெரும்பாலும் அரை மிமீ இடைவெளியில் நிறுத்துகிறார்கள். உடையும் பீங்கானுக்கும் மெல்லிய பூச்சுக்கும் இதுவே வசதி. ஆனால் இடைவெளி சிறிது மாறினாலும் அரிப்பு வீதம் மாறும். மாதிரியும் நுனியும் அரிக்கப்பட அரிக்கப்பட இடைவெளி தானாகவே விரியும். நுனியை மாற்றாமல் நாள் முழுவதும் ஓட்டிய சோதனை என்றால் அந்த வரைபடத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

1970களில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் லிச்டாரோவிச் உருவாக்கிய தாரைக் கருவி இந்தச் சிக்கல்களில் பாதியைத் தவிர்க்கிறது. நீர் நிறைந்த அறைக்குள் நுண்துளை வழியே உயரழுத்தத் தாரை பாய்கிறது. அதைச் சுற்றிப் பிறக்கும் குமிழ்கள் எதிரே உள்ள மாதிரியின் மேல் நொறுங்குகின்றன. துளைக்கு முன்னுள்ள அழுத்தம், அறையின் அழுத்தம், துளைக்கும் மாதிரிக்கும் உள்ள தொலைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றலாம் என்பதால் தாக்குதலின் கடுமையை வேண்டிய அளவுக்குக் கூட்டவோ குறைக்கவோ முடிகிறது. குமிழ்களின் அளவும் வருகையும் இயல்பான ஓட்டத்தைப் போலச் சிதறி இருப்பதுதான் இதன் பெரிய நன்மை. 1995இல் ஏஎஸ்டிஎம் ஜி134 என்று இதுவும் நெறிமுறையானது. இதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், துளையின் விளிம்பும் அரிக்கப்படும். விளிம்பு மழுங்கினால் தாரையின் குணமே மாறிவிடும். உயரழுத்தப் பம்பையும் வடிகட்டியையும் குளிர்விப்பையும் பராமரிப்பது சிறிய ஆய்வகத்துக்குச் சுமைதான்.

இயற்கைக்கு மிக அருகில் நிற்பது, நீரை வேகமாக ஓட்டிச் சோதிக்கும் கருவியான நீர்ச்சுரங்கம். பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள கருவியில் 40 பார் வரையிலான அழுத்தத்தில் நீர் வினாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் வேகத்தை எட்டி, மாதிரித் தட்டில் மோதி ஆரத்திசையில் விரிந்து, வளைய வடிவில் அரிப்பை விட்டுச் செல்கிறது. வேகத்தின் பங்கை அறிய இத்தகைய கருவியே சரி. அமெரிக்காவில் ராபர்ட் நாப் 1955இல், மென்மையான அலுமினியத்தில் குறுகிய நேரத்தில் விழும் குழிகளை எண்ணி, குழிகளின் எண்ணிக்கை வேகத்தின் ஆறாம் அடுக்கை ஒட்டி உயர்வதாகக் காட்டினார்; வேகம் இரட்டித்தால் 64 மடங்கு. அந்தக் குழி எண்ணும் உத்தி இன்றும் வாழ்கிறது. கண்ணாடிபோல் மெருகிட்ட உலோகத்தைச் சில நிமிடம் வெளிப்படுத்தி, ஒவ்வொரு குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்தால், பொருளே ஓட்டத்தின் கடுமையை அளக்கும் உணரியாகிவிடுகிறது. கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன். சுழல்வட்டு முறையும் உண்டு. வட்டிலுள்ள துளைகளோ முனைகளோ குமிழ்களை எழுப்ப, அவற்றின் பின்னால் பதித்த மாதிரிகள் அரிக்கப்படுகின்றன. பம்பு நிலைமைக்கு அது அருகில் வந்தாலும் இயந்திரம் பெரியது, செலவு மிகுதி.

போலந்தின் கிதான்ஸ்க் நகர ஓட்ட இயந்திர ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்த பன்னாட்டுச் சோதனைத் திட்டம் இந்த ஒப்பீட்டை நேரடியாகவே செய்து பார்த்தது. தூய இரும்பு, பித்தளை, கார்பன் எஃகு, துருப்பிடிக்கா எஃகு, அலுமினியக் கலவை, நைலான் வகைப் பிளாஸ்டிக் ஆகியவை அதிர்வு, சுழல்வட்டு, சுரங்கம், தாரை எனப் பலவகைக் கருவிகளில் சோதிக்கப்பட்டன. வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட முடியுமா என்பதே அந்தத் திட்டத்தின் கேள்வி.

நெகிழ்வுள்ள திண்ம உலோகங்களைப் பொறுத்தவரை, சிறந்ததையும் மோசமானதையும் பிரிக்க அதிர்வுக் கருவி போதும் என்பது என் நிலைப்பாடு. கோபால்ட் அடிப்படையிலான ஸ்டெல்லைட் கலவைகளும், 1980களில் கியூபெக் மின்வாரியத்தின் ஆய்வு நிறுவனம் டர்பைன் பழுதுக்கென உருவாக்கிய இரேக்கா எஃகும் தாக்குதலில் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்திலேயே ஆற்றலை உறிஞ்சுகின்றன. அந்தப் பண்பு எந்தக் கருவியிலும் வெளிப்படும். நெருக்கமாக நிற்கும் இரண்டு கலவைகளை அரை மடங்கு வித்தியாசத்தில் வரிசைப்படுத்துவது, நெகிழும் பூச்சுகளைத் தேர்வது, பூச்சு அடி உலோகத்தோடு ஒட்டும் வலிமையைச் சோதிப்பது ஆகியவற்றுக்குத் தாரைக் கருவியைத்தான் கேட்பேன். கடல்நீரில் ஓடும் வெண்கல உந்துவிசிறி என்றால் எந்தத் துரிதச் சோதனையும் முழுமையாகாது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேதி அரிப்பின் பங்கு, சில மணி நேர இயந்திரத் தாக்குதலில் காணாமல் போய்விடுகிறது. (கான்கிரீட் இன்னொரு உலகம். 1983இல் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ச் சுரங்கத்தில் கேவிட்டேஷன் சுமார் 11 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் பறித்தது. ஜல்லி கலந்த அந்தப் பொருளை 16 மிமீ மாதிரியில் அடக்க வழியே இல்லை.)

ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது, அதே நாளில் அதே கருவியில் ஓட்டிய நிக்கல் 200 (ஏறத்தாழத் தூய நிக்கல்) ஒப்பீட்டு மாதிரியின் வளைகோடு. அதிர்வு வீச்சு சரியாக இருந்ததா, நீரின் வெப்பம் நழுவியதா என்பதை அதுவே சொல்லிவிடும். திறந்த கலத்தில் நீரின் வெப்பம் 50 டிகிரியை நெருங்கும்போது அரிப்பு உச்சத்தை அடையும் என்பதால், குளிர்விப்புச் சரியில்லாத ஆய்வகத்தின் எண்கள் எப்போதும் சற்றே மிகையாக இருக்கும். அந்த வளைகோடு இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பி, ஒப்பீட்டு மாதிரியோடு மறுபடியும் ஓட்டித் தரும்படி கேட்கிறேன்.