ஒஹாயோவில் ஒரு மார்ட்கேஜ் நோட் வாங்கினேன்

2021இல் டல்லாஸில் இருந்துகொண்டே ஒஹாயோ வீடு ஒன்றின் மார்ட்கேஜ் நோட்டை, அதாவது அடமானக் கடன் பத்திரத்தை, வாங்கினேன். வீடு நமக்கு வராது. அந்த வீட்டை அடமானம் வைத்து ஒருவர் வாங்கிய கடனின் தவணையை வாங்கும் உரிமைதான் கைமாறும். பாக்கி 38,000 டாலர், வட்டி 8 சதவீதம், மாதம் 461 டாலர் வீதம் இன்னும் பத்து வருடம்.

அதற்கு முன்னால் ஒருமுறை ஏமாற இருந்தேன். ஒரு முதலீட்டாளர் கூட்டத்தில் அறிமுகமானவர் கடன்களின் எக்ஸெல் பட்டியலை அனுப்பினார், 'டேப்' என்பார்கள் இந்தத் தொழிலில். விலை மலிவு, முன்பணம் உடனே வேண்டுமாம். சரி, எதற்கும் பார்ப்போம் என்று அந்த கவுன்ட்டி ரெக்கார்டர் இணையதளத்தில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன், நம் ஊரில் வில்லங்கம் பார்ப்போமே அதேபோல. அடமானம் பதிவாகியிருந்தது, ஆனால் கடைசியாக அது எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது வேறொரு கம்பெனிக்கு. இவர் பெயர் எங்குமே இல்லை. கேட்டால், "அவங்ககிட்ட இருந்து வாங்கித் தர்றேன்" என்கிறார். தன் கையில் இல்லாததற்கு என்னிடம் பணம் கேட்டிருக்கிறார்! அன்றோடு அவரை விட்டேன்.

அப்புறம் பேப்பர்ஸ்டாக், நோட்ஸ் டைரக்ட் போன்ற சந்தைத் தளங்களைப் பார்த்தேன். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டும் கடன்களை ஏலம் விடுகிறது, ஆனால் மொத்தம் மொத்தமாக. ஒரே ஒரு நோட்டு வாங்குகிற நமக்கு அது எட்டாது. நான் வாங்கியது இப்படியொரு தளத்தில்தான். தளம் விற்கிற ஆளைக் காட்டும், அவ்வளவுதான், காகிதத்தை நாம்தான் பார்க்க வேண்டும். நீல மையில் கையெழுத்திட்ட மூல நோட்டின் ஸ்கேன் வந்தது. அதன் பின்னால் 'அலாஞ்ச்' என்று ஒரு தாள் இணைத்திருப்பார்கள், யார் யாருக்கு மாற்றிக் கொடுத்தார் என்ற கையெழுத்து அதில் இருக்கும். நோட்டு கைமாறியது இரண்டு முறை, கையெழுத்து இருந்ததோ ஒன்றுதான். ஒஹாயோவில் கடன்காரர் கட்டாமல் போனால் நீதிமன்றம் போய்த்தான் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும், அங்கே இந்த ஓட்டை பெரிய தலைவலி. விடுபட்ட கையெழுத்து வரும்வரை மூன்று வாரம் பணம் அனுப்பவில்லை. சொத்து வரி பாக்கியும் 1,140 டாலர் இருந்தது. அது அடமானத்துக்கும் முந்தி நிற்கும் என்பதால் விலையில் கழித்தேன்.

தவணை வசூலை உரிமம் பெற்ற சர்வீசரிடம் கொடுத்தேன். முதல் மாதத் தவணை வரவில்லை, பயந்துபோனேன். கடன் வாங்கியவர் பழைய சர்வீசருக்கே அனுப்பியிருந்தார். சர்வீசர் மாறிய பிறகு 60 நாள்வரை அப்படி அனுப்பினால், உரிய தேதிக்குள் கட்டியிருக்கும் பட்சத்தில், தாமதம் என்று அபராதம் போட முடியாது, சட்டம் அப்படி. அவர் மேல் தப்பில்லை.

போன வருடம் அதே நோட்டை விற்றேன். வாங்க வந்தவர் விலையைப் பேசுவதற்கு முன் கேட்டது அலாஞ்ச் ஸ்கேனைத்தான்.