தொழிற்புரட்சி: அட்டவணையை மூடிவிட்டுப் படியுங்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குத் தமிழ் வழியில் தயாராகும் பலர், தொழிற்புரட்சி என்றதும் ஓர் அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள்: கருவி, கண்டுபிடித்தவர், ஆண்டு. ஒரு வரிக் கேள்விக்கு அது கைகொடுக்கும். 'இங்கிலாந்தில் ஏன் முதலில் நிகழ்ந்தது?' என்று 15 மதிப்பெண்ணுக்குக் கேட்டால், அதை வைத்து 250 சொற்கள் எழுத முடியாது. நான் ஒவ்வொரு கருவிக்கும் மேலே 'அப்போது எதற்குத் தட்டுப்பாடு?' என்ற கேள்வியை எழுதிக்கொண்டு படித்தேன். ஆண்டுகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

ஜவுளியிலிருந்து தொடங்குங்கள். அகலத் துணி நெய்ய வேண்டுமென்றால், குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் நாடாவை ஒருவர் வீச, மறுபக்கம் இன்னொருவர் பிடிக்க வேண்டியிருந்தது. 1733இல் ஜான் கே காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா, கயிற்றைச் சுண்டினால் தறியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது. ஒரே நெசவாளர் போதும். நெசவு வேகமெடுத்தது, ராட்டை பின்தங்கியது. நூல் தட்டுப்பாடுதான் 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்புக் கருவிக்கு வழிவிட்டது. ஒரே ஆள் எட்டுக் கதிர்களைச் சுழற்றலாம். ஆனால் அந்த நூல் துணியின் குறுக்கே ஓடும் ஊடைக்குத்தான் ஆகும். தறியில் நீளவாக்கில் இழுவிசை தாங்க வேண்டிய பாவுக்கு ஆகாது. அதனால் லங்காஷயரில் பாவுக்கு லினன் நூலையே பயன்படுத்தினார்கள். ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டகம் (1769) என்ற, நீர்விசையால் ஓடும் நூற்பு இயந்திரம் உருளைகளால் இழுத்து முறுக்கிய பருத்தி நூல்தான் பாவுக்கும் தாங்கியது.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். சோழமண்டலக் கரை, வங்கம், குஜராத் ஆகிய இடங்களின் பருத்தித் துணிகள் ஆங்கிலேயரை மயக்கிவைத்திருந்தன. உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவைக் காக்க 1700லும் 1721லும் சட்டம் போட்டுத்தான் அச்சிட்ட பருத்தித் துணியைத் தடுத்தார்கள். ஆர்க்ரைட்டின் நூல் வந்த பிறகு, முழுப் பருத்தித் துணியை அங்கேயே நெய்ய முடிந்தது. 1774இல் தடை தளர்ந்தது. நம் நெசவாளர்களின் கைத்திறனுக்கு எதிராகச் சுவர் எழுப்பி, அதன் நிழலில்தான் அந்தத் தொழில் வளர்ந்தது. என் கருத்தில் இந்தப் பத்தி இல்லாத விடை அரைகுறை விடை.

கிராம்ப்டனின் மியூல் என்ற நூற்பு இயந்திரத்துக்கும் (1779) கார்ட்ரைட்டின் விசைத்தறிக்கும் (1785) இரண்டு வரி போதும். முன்னது மெல்லிய, உறுதியான நூலைக் குவித்தது. அந்த நூலை நெய்து தீர்க்கக் கைத்தறியால் முடியாது என்ற நிலையில் பின்னது வந்தது.

நீராவி இயந்திரத்தை முதலில் செய்தவர் வாட் என்று பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஜேம்ஸ் வாட்டுக்கு முன்பே, 1712இல் நியூகமனின் இயந்திரம் சுரங்க நீரை இறைத்தது. அதில் நீராவி நிரம்பும் ஒரே உருளையை (சிலிண்டரை) ஒவ்வொரு இயக்கத்துக்கும் சூடாக்கி, உடனே குளிரவைத்தார்கள், நிலக்கரி வீணானது. வாட் நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்தார் (காப்புரிமை 1769). ஆனால் அந்தத் திட்டத்துக்கு நீராவி கசியாத, துல்லியமான உருளை வேண்டும். வில்கின்சன் 1774இல் பீரங்கிக்காகக் கண்ட துளையிடும் முறைதான் அதைத் தந்தது. 1781க்குப் பிறகு சுழல் இயக்கமும் கைகூடியது. 1771இல் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் ஆலை கட்டியபோது, அதை ஓட்ட ஓடும் நீர் வேண்டியிருந்தது. சுழலும் நீராவி இயந்திரம் வந்தபின், நிலக்கரி கிடைக்கும் நகரம் எதுவும் ஆலைக்கு ஏற்ற இடமாயிற்று. மான்செஸ்டர் பெருத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மனித விலையை மறந்துவிடாதீர்கள். 1811இல் நாட்டிங்ஹாம் பக்கம் லுட்டைட்டுகள் எனப்பட்ட தொழிலாளர்கள், பிழைப்பு போகும் என்று இயந்திரங்களை உடைத்தார்கள். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்த பிறகுதான் ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கத் தடை வந்தது.

இரும்பையும் இதே கேள்வியோடு படியுங்கள்: மரக்கரிக்குத் தட்டுப்பாடு, 1709இல் டார்பியின் கற்கரி (நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கரி) உலை, 1784இல் கார்ட்டின் தேனிரும்பு முறை, 1830இல் லிவர்பூல்-மான்செஸ்டர் இருப்புப்பாதை. புத்தகத்தை மூடிவிட்டு இந்த வரிசையை ஒரு தாளில் அம்புக்குறிகளோடு வரையுங்கள். எந்த அம்புக்குக் காரணம் எழுத வரவில்லையோ, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படியுங்கள்.